கரபுலே: டிரினிடாடில் ஏழு நாட்கள்

நாள் 1, மே 28: செயின்ட் ஜேம்ஸ்

பியார்கோ விமான நிலையத்தில் இறங்கியபோது மாலை ஐந்து மணி. ஊரில் அப்போது அதிகாலை இரண்டரை. சென்னையிலிருந்து லண்டன் வழியாக வந்த களைப்பில் தூங்கத்தான் தோன்றியது. ஆனால் வெளியே வந்ததும் முகத்தில் அடித்த அந்த ஈரக் காற்றும், எங்கோ மாமரம் பூத்துக் காய்த்திருக்கிற வாசனையும் கண்ணைத் திறந்து வைத்தன.

வண்டி ஓட்டியவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். வானொலியில் பழைய இந்திப் படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்காகப் போட்டாரோ என்று நினைத்தேன். இல்லை, அவர் எப்போதும் கேட்கும் அலைவரிசையே அதுதானாம். "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல் சாலையோரம் நிறுத்தினார்.

அங்கே கிடைத்தது டபுள்ஸ். மஞ்சள்தூள் சேர்த்த மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்தெடுத்த மெத்தென்ற இரண்டு 'பாரா'. அவற்றின் நடுவே குழையக் குழைய வெந்த கொண்டைக்கடலை, மேலே புளிச் சட்னி, துருவிய வெள்ளரிக்காய், மிளகாய்ச் சாறு. காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். 'ஸ்லைட்' என்று சொல்ல வேண்டும் என ஓட்டுநர் சொல்லிக் கொடுத்தார். அந்த 'கொஞ்சம்' காரமே என் கண்ணில் நீர் வரவழைத்தது. தாளில் மடித்துத் தருவதை நின்றபடியே கையால் சாப்பிடுகிறார்கள். அலுவலக உடையில் வந்தவர், பள்ளிப் பிள்ளைகள், காவலர் என்று வரிசையில் எல்லா நிறத்து முகங்களும் இருந்தன.

வரைபடத்தில் டிரினிடாடைப் பார்த்தால் தென் அமெரிக்காவிலிருந்து நழுவி விழுந்த துண்டு போல இருக்கும். உண்மையும் அதுதான். வெனிசுலா இங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர். வடக்கே நிற்கும் மலைத்தொடர் அந்தக் கரையின் மலைகளுடைய தொடர்ச்சி. டிரினிடாடும் டொபாகோவும் சேர்ந்ததுதான் நாடு. இரண்டும் சேர்ந்து 5,100 சதுர கிலோமீட்டர் சொச்சம், மக்கள்தொகை ஏறத்தாழ 14 லட்சம். 1962 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம், 1976-இல் குடியரசு.

நான் ஏன் இங்கே வந்தேன் என்பதை நாளை எழுதுகிறேன். கண் சொக்குகிறது.

நாள் 2, மே 29: போர்ட் ஆஃப் ஸ்பெயின்

தங்கியிருக்கும் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் காலையில் நடந்தேன். தெருப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன்: கல்கத்தா தெரு, டெல்லி தெரு, லக்னோ தெரு. அப்புறம் மெட்ராஸ் தெரு. அந்தப் பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். இங்கிருந்த கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்குப் பின்னால் உண்டான குடியிருப்பு இது. நான் இங்கே வந்ததற்குக் காரணம் இந்த ஒரு சொல்தான். இந்தத் தீவில் 'மெட்ராஸ்' என்றால் இன்று என்ன பொருள், யாருடைய வாயில் அது இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை.

ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள இந்தியர்களிலிருந்து தொடங்கினால் தப்பாகிவிடும். 1498-இல் கொலம்பஸ் மூன்று மலை முகடுகளைப் பார்த்து 'திரித்துவம்' என்று பெயர் வைத்தபோது இங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். அரிமா, சகுவானாஸ், கரோனி எல்லாம் அந்தப் பூர்வகுடிகள் விட்டுச்சென்ற பெயர்கள். ஸ்பெயின் வைத்திருந்த தீவுக்கு 1783-க்குப் பிறகு பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். 1797-இல் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டார்கள். அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தும், 'பழகுநர்' என்ற பெயரில் நான்கு வருடம் அதே வயலில் வேலை வாங்கினார்கள். 1838 ஆகஸ்ட் 1-இல்தான் முழு விடுதலை. இழப்பீடாகப் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய 2 கோடி பவுன் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது. உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. இதைப் படித்திருந்தேன். ஆனாலும் அந்த மக்களுடைய பேரப்பிள்ளைகளின் ஊரில் நின்று நினைக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது.

மாலையில் விடுதி ஆன்ட்டி ஒரு பேன்யார்டுக்கு அழைத்துப் போனார். ஸ்டீல்பேன் குழுக்கள் பயிற்சி செய்யும் திறந்தவெளிக் கொட்டகை அது. கார்னிவல் காலம் இல்லையென்பதால் பள்ளிப் பையன்களும் பெண்களுமாகப் பத்துப் பதினைந்து பேர்தான். எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் உள்ளே குழித்து, ஒவ்வொரு மேட்டையும் ஒரு சுரத்துக்குத் தட்டித் தட்டிப் பதம் பார்த்துச் செய்த வாத்தியம். ரப்பர் சுற்றிய குச்சி படும்போது தண்ணீருக்குள் மணி அடித்தது போல ஒலிக்கிறது.

இந்த வாத்தியம் பிறந்ததற்குக் காரணம் ஒரு தடை. விடுதலை பெற்றவர்கள் தீப்பந்தத்தோடு கொண்டாடிய 'கான்பூலே' ஊர்வலத்தைப் போலீஸ் அடக்க வந்தபோது 1881-இல் பெரிய மோதல் வெடித்தது. பிறகு தோல் பறைகளைக் கட்டுப்படுத்திச் சட்டம் வந்தது. பறை போனால் என்ன, மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். அப்புறம் பிஸ்கட் டின், வண்டி உதிரிகள். 1930-40களில் அது எண்ணெய்ப் பீப்பாயில் வந்து நின்றது. ஏழைக் குடியிருப்புகளின் சத்தம் என்று ஒதுக்கப்பட்ட பேன், 1992-இல் நாட்டின் தேசிய வாத்தியம் ஆனது. 2023-இல் ஐ.நா. சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது.

நாள் 3, மே 30: நெல்சன் தீவு

இன்று அரசு விடுமுறை, இந்தியர் வருகை நாள். 1845-இல் இதே தேதியில் 'ஃபத்தேல் ரசாக்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து நூறு நாளுக்கு மேல் கடலில் கிடந்து, 225 பேரோடு இங்கே வந்து சேர்ந்தது. 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர் இப்படி வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், சொற்பக் கூலி. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. பத்து வருடம் இருந்தால் திரும்பிப் போகக் கப்பல் செலவு உண்டு என்பது பேச்சு. பின்னால் அதற்குப் பதிலாக நிலம் என்றார்கள். பெரும்பாலானோர் தங்கிவிட்டார்கள்.

படகில் நெல்சன் தீவுக்குப் போனேன். பாரியா வளைகுடாவில் கையளவு நிலம். 1866 முதல் வந்தவர்களை முதலில் இங்கேதான் இறக்கினார்கள். குளிக்க வைத்து, உடம்பைச் சோதித்து, நோயாளிகளைப் பிரித்து, மற்றவர்களைத் தோட்டம் தோட்டமாகப் பங்கு போட்டு அனுப்பினார்கள். கப்பலில் ஒன்றாக வந்தவர்கள் 'ஜகாஜி பாய்', கப்பல் சகோதரர்கள். சாதி, ஊர் எல்லாவற்றையும் விட அந்த உறவு பெரிது. அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட மாட்டார்களாம், தங்கை முறை என்பதால். அப்படி ஒட்டிக்கொண்டவர்களைத்தான் இங்கே பிரித்திருக்கிறார்கள். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்து மக்கள். அதனால் இந்தியர்களின் பொது மொழி போஜ்புரி ஆனது. தொடக்க ஆண்டுகளில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் வந்தன. அவற்றில் வந்தவர்கள் ஊரில் தமிழரோ தெலுங்கரோ, இங்கே எல்லாருமே 'மதராசி'. கூட்டத்தில் சிறு பகுதி. சிறு பகுதியின் பேச்சு முதலில் கரைந்தது. பிறகு போஜ்புரியும் கரைந்தது. இன்று எல்லார் வீட்டிலும் டிரினிடாட் ஆங்கிலம்தான்.

திரும்பி வந்தபோது செயின்ட் ஜேம்ஸில் தாசா மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மண் குடத்தில் தோல் கட்டி நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றிய மேளம், கூடவே பெரிய டோலும் தாளமும். இதே மேளத்தை முகரத்தில் ஹோசே ஊர்வலத்துக்கும் அடிப்பார்கள். 1884-இல் சான் ஃபெர்னாண்டோவில் தடையை மீறிப் போன ஹோசே ஊர்வலத்தின் மீது சுட்டு, குறைந்தது 16 பேரைக் கொன்றார்கள். முஸ்லிம்களின் துக்க ஊர்வலத்தில் இந்துக்களும் சேர்ந்து தூக்கிப் போனார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

நாள் 4, மே 31: சகுவானாஸ், வாட்டர்லூ, கரோனி

இன்றைய நாளை மறக்க மாட்டேன்.

சகுவானாஸ் சந்தை. பாகற்காய்க்குக் 'கரைலி', அவரைக்காய்க்கு 'சேம்', முருங்கைக்குச் 'சைஜன்', கத்தரிக்காய்க்கு 'பைகன்', சீரகத்துக்கு 'கீரா'. தாளிப்பதற்குச் 'சுங்கே'. எல்லாம் வடக்கத்திப் பெயர்கள். பேசுபவர்களுக்கு இவை ஆங்கிலச் சொற்கள் மாதிரிதான், இந்திச் சொல் என்ற நினைப்பே இல்லை. மூட்டை மூட்டையாக மாம்பழம். இப்போது 'ஜூலி' மாம்பழக் காலம். மாங்காயை நறுக்கிப் பூண்டு, மிளகாய், 'ஷேடோ பெனி' என்ற முரட்டுக் கொத்தமல்லி சேர்த்துப் பிசறித் தருகிறார்கள். எச்சில் ஊறுகிறது, எழுதும்போதே.

மூலையில் ஒரு வயதான அம்மாள் கீரைக் கட்டுகள் விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுகளுக்கு நடுவே, ஈரச் சாக்கின் மேல், பழகிய இலை. இது என்ன என்று கேட்டேன்.

"கரபுலே, பேட்டி" என்றார். 'பேட்டி' என்றால் இந்தியில் மகளே.

திரும்பச் சொல்லச் சொன்னேன். கர-பு-லே. நான் மெதுவாக "கறிவேப்பிலை" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஆமாம், கரபுலேதான், கறிக்குப் போடுவது" என்றார். அவருக்கு அது விசேஷம் இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. வடக்கே இருந்து வந்த பெரிய கூட்டத்தின் அடுப்பங்கரையில் இந்த இலைக்கு அவ்வளவு இடம் கிடையாது. கொண்டுவந்தவர்கள் நம் பக்கத்தவர்கள். அவர்கள் சொன்ன பேரையே மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அத்தனை சொற்களும் போன பிறகு இது ஒன்று தங்கியிருக்கிறது. ஒரு கட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நாள் முழுக்கப் பை மணத்தது.

அங்கிருந்து வாட்டர்லூவில் உள்ள கடல் கோயில். சியூதாஸ் சாது என்ற கூலித் தொழிலாளி 1947-இல் கரையோரம் சின்னதாக ஒரு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. 1952-இல் கோயிலை இடித்து, அவரைச் சிறையில் போட்டார்கள். நிலத்தில்தானே உங்கள் உரிமை, கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று அவர் கடலுக்குள் கட்டத் தொடங்கினார். சைக்கிளில் கல்லும் மண்ணும் சிமெண்டும் கொண்டுபோய், அலை இறங்கும் நேரம் பார்த்துக் கொட்டினார். வருடக்கணக்கில், தனி ஆளாக. கேலி செய்தவர்கள் உண்டு. 1970 வாக்கில் அவர் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. முதல் கப்பல் வந்த 150-ஆம் ஆண்டான 1995-இல் அரசும் மக்களும் சேர்ந்து கட்டி முடித்தார்கள். பக்கத்திலேயே கடலோரச் சுடுகாடு. ஒரு சிதை புகைந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போகும் கல்பாதையில் அவருடைய சிலை கைகூப்பி நிற்கிறது. நானும் கும்பிட்டேன்.

வழியெல்லாம் காட்டுப்புல் மூடிய நிலம். முன்பு கரும்பு. இவ்வளவு பேரைக் கடல் தாண்டி இழுத்து வந்த அந்தப் பயிரின் அரசுக் கம்பெனியை 2003-இல் மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் வேலை போனது. இன்று நாட்டின் வருமானம் எண்ணெயும் இயற்கை எரிவாயுவும்.

மாலையில் கரோனி சதுப்புநிலத்தில் படகு. அலையாத்தி மரங்களுக்கு நடுவே இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தோம். சூரியன் சாயும்போது செந்நிற அரிவாள்மூக்கன்கள் பத்து, இருபது, பிறகு நூற்றுக்கணக்கில் வந்து ஒரு திட்டு முழுவதையும் சிவப்பாக்கின. அவை தின்னும் நண்டும் இறாலும் கொடுக்கிற நிறம் அது. நாட்டின் தேசியப் பறவைகளில் ஒன்று.

நாள் 5, ஜூன் 1: லா பிரெயா, சிபாரியா

தெற்கே போகும் வழியில் தார் ஏரி. ஏறத்தாழ 100 ஏக்கரில் பூமிக்குள்ளிருந்து தானாக ஊறி வரும் தார். உலகிலேயே பெரியது என்கிறார்கள். 1595-இல் வால்டர் ராலே இந்தத் தாரை எடுத்துத் தன் கப்பல்களின் பிளவுகளை அடைத்துக்கொண்டார். யானைத் தோல் மாதிரி சுருங்கிய மேற்பரப்பு. மேலே நடக்கலாம், ஒரே இடத்தில் நின்றால் செருப்பு மெல்ல இறங்குகிறது. மழைத் தண்ணீர் தேங்கிய குழிகளில் தோல் நோய்க்கு நல்லது என்று ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பூர்வகுடிகளின் கதை ஒன்று உண்டு: முன்னோர்களின் ஆவி 'ஹம்மிங்பேர்ட்' என்ற ரீங்காரச் சிட்டு வடிவில் வரும். வெற்றி மயக்கத்தில் ஒரு கூட்டம் அந்தச் சிட்டுகளைக் கொன்று தின்றது. தெய்வம் பூமியைத் திறந்து அந்த ஊரையே தாருக்குள் விழுங்க வைத்தது.

பிறகு சிபாரியா. கத்தோலிக்க ஆலயத்தில் 'திவினா பஸ்தோரா', நல்ல மேய்ப்பரின் தாய். கருத்த முகம். புனித வியாழனிலும் பெரிய வெள்ளியிலும் இந்துக்கள் ஆயிரக்கணக்கில் வந்து 'சிபாரி மாய்' என்று கும்பிடுகிறார்கள். அரிசி, எண்ணெய், பூ, நகை காணிக்கை. குழந்தைக்கு முதல் முடி இங்கே எடுப்பதும் உண்டு. வேளாங்கண்ணி பார்த்த நமக்கு இதில் வியப்பு குறைவுதான். ஆனாலும் காளி என்று சிலரும் மாதா என்று சிலரும் ஒரே முகத்தைப் பார்த்து நிற்பதை நினைத்துக்கொண்டே பின் வரிசையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாள் 6, ஜூன் 2: டொபாகோ

காலை விமானத்தில் போய் மாலையில் திரும்பினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் போதாது, தப்புச் செய்துவிட்டேன். டொபாகோவுக்கு வேறு முகம், வேறு வரலாறு. ஐரோப்பியர்களின் கையில் முப்பது தடவைக்கு மேல் மாறிய தீவு, டிரினிடாடோடு 1889-இல்தான் சேர்க்கப்பட்டது. மக்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். நடுவே ஓடும் மலைக்காட்டை 1776-இலேயே சட்டம் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். மரத்தை வெட்டினால் மழை போய்விடும் என்பதுதான் அன்று சொன்ன காரணம். மேற்கு அரைக்கோளத்தில் முதன்முதலில் சட்டப்படி காக்கப்பட்ட காடு இதுவே என்கிறார்கள். காட்டுக்குள் நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நண்டும் கொழுக்கட்டை மாதிரியான டம்ப்ளிங்கும் கறிக் குழம்பில் சாப்பிட்டேன்.

நாள் 7, ஜூன் 3: ஒரு காளி கோயில்

விடுதி ஆன்ட்டிக்குத் தெரிந்தவர் வழியாக இன்று காலை ஒரு காளி கோயிலுக்குப் போனேன். 'மதராசி' வழிபாடு என்று இங்கே சொல்வது இதைத்தான். ஊரில் பலருக்கு இதன் மேல் பயமும் உண்டு, கொஞ்சம் இளப்பமும் உண்டு. இந்துக்களிலேயே பெரிய கோயில்காரர்கள் இதை ஓரமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

தகரக் கூரை, கொடிக்கம்பங்கள், மஞ்சள் தண்ணீர், வேப்பிலைக் கொத்துகள். ஓரமாக நெருப்பு மூட்டி மூன்று இளைஞர்கள் வட்டமான மேளங்களைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் என்ன என்று கேட்டதும் ஒருவன் "தப்பு" என்றான். நம் தப்புதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. அடிக்க ஆரம்பித்தபோது எங்கள் ஊர்க் கொடை ராத்திரிகள் மொத்தமும் திரும்பி வந்தன. கரகமும் இருந்தது, அதற்குப் பெயரும் கரகம்தான். தாளம் ஏற ஏற ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. பூசாரி வேப்பிலையால் தடவி, தண்ணீர் ஊற்றிக் கேள்வி கேட்டார். கூட்டத்தில் ஆப்பிரிக்க முகங்களும் நிறைய.

பூசை முடிந்ததும் பூசாரி என்னைச் சுற்றிக் காட்டினார். மாரியம்மன் தெரிந்தது. அடுத்த சாமிகளின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். மத்ராவீரன்: மதுரைவீரன். முனிஸ்பிரின்: முனீஸ்வரன். சங்கனி: சங்கிலிக் கருப்பன். காட்டேரி அப்படியே காட்டேரி. கடைசியில் 'நாகூர் மீரா'. காளி கோயிலில் நாகூர் ஆண்டவர்! கப்பலில் போகிறவர்களைக் காப்பவர் அல்லவா. நூறு நாள் கடலில் கிடந்தவர்கள் இந்து, முஸ்லிம் பார்க்காமல் அவரையும் கூடவே அழைத்து வந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பூசாரி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"உனக்கு மதராசி பேச வருமா?" என்று கேட்டார். தமிழ் என்றேன். உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பொருள் தெரியாமல், சத்தத்தை மட்டும் பிடித்து, தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்தது. திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். 'தாயே', 'வாம்மா', 'கண் பாரு' எல்லாம் பளிச்சென்று கிடைத்தன. சில வரிகளை எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியவில்லை. கிடைத்தவற்றின் பொருளை நான் சொல்லச் சொல்ல, அவர் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார். தப்படித்த பையன்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

சாமிகளின் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்று ஒரு பையன் கேட்டான். மதுரைவீரன் என்று மெதுவாகச் சொன்னேன். பையன்கள் சொல்லிப் பார்த்தார்கள். பூசாரியும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், நன்றாகவே வந்தது.

பிறகு நோட்டை மூடினார். "நல்லது. ஆனால் பூசையில் நான் என் ஆஜா சொன்ன மாதிரி மத்ராவீரன் என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பேருக்குத்தான் அவர் இத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறார்" என்றார். ஆஜா என்றால் அப்பாவின் அப்பா.

சரி என்றேன். பையிலிருந்த கரபுலேயில் மீதியை அவர் மனைவியிடம் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லிவிட்டார்கள்.